எல்லார் கழுத்திலும் இருக்கிற எலும்பு

கொஞ்ச நாளாக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்திருக்கிறது: "எலும்பு வாத்தியார்." நான் தமிழ்ப்பள்ளியில் கணிதம் எடுக்கிறவன். எலும்புக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அக்காவுக்குத் தொண்டைவலி என்று அலைந்து கடைசியில் கழுத்தைத் திறந்து ஒரு துண்டு எலும்பை எடுத்த கதை, கோயில் திருவிழாவில் வாய்க்கு வாய் பரவிவிட்டது. அதிலிருந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் "வாத்தியாரைப் பாரு" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆற்றும் தம்பிகூடப் போன வாரம் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "சார், எனக்கும் அந்த எலும்பு இருக்குமா?" என்று கேட்டான். அது காதுக்குக் கீழே எல்லாருக்கும் இருக்கிற ஸ்டைலாய்டு என்கிற எலும்புதான் என்று உண்மையைச் சொன்னேன். பையன் இன்னும் பயந்துவிட்டான்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தண்டல் மாமா விஷயம் அப்படி விடக்கூடியதாக இல்லை. தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குச் சொந்தம் இல்லையென்றாலும் ஊருக்கே மாமா. ஒருநாள் பிளாஸ்டிக் பையில் ஒரு எக்ஸ்ரே படத்தோடு வந்து உட்கார்ந்தார். பட்டணத்தில் காசு கட்டி எடுத்த, தாடை முழுவதும் விழுகிற ஓபிஜி படம். காதுக்குக் கீழே இறங்கும் எலும்பு இரண்டு பக்கமும் 3.4 சென்டிமீட்டர் என்று யாரோ பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "இதை வெட்ட எங்க போகணும்னு மட்டும் சொல்லு, தம்பி. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

அக்கா துடித்துக்கொண்டிருந்தபோது, தொண்டைவலிக்கு எலும்பு காரணமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது ஊரில் எந்த வலி வந்தாலும் அந்த எலும்புதான் காரணம் என்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

தோட்டத்துக் கழுத்து

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பக்கம் கழுத்துவலி ஒரு நோயாகவே கணக்கில் வராது. பால்மரக் காலத்தில் விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து சீவ வேண்டும். வெட்டுப்பட்டை மேலே ஏறிவிட்டால் அண்ணாந்து சீவ வேண்டும். செம்பனை வந்த பிறகு இன்னும் மோசம். மரம் குட்டையாக இருக்கும்வரை உளியால் குத்திக் குலையை இறக்கிவிடலாம். வளர்ந்துவிட்டால் நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, உச்சியைப் பார்த்தபடியே நாள் முழுக்க நிற்க வேண்டும். கண்ணில் தூசி கொட்டும், பிடரியில் வலி ஏறும். ஆண்களின் கழுத்து மேலே பார்த்தே போனது. பெண்களின் கழுத்து உதிரிப்பழம் பொறுக்கக் குனிந்தே போனது.

அதனால் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் போய் "கழுத்து வலிக்குது" என்றால் அவர் தலையைக்கூட நிமிர்த்திப் பார்க்க மாட்டார். இரண்டு வெள்ளை மாத்திரை, கொஞ்சம் தைலம், அவ்வளவுதான். அவரையும் குறை சொல்ல முடியாது. வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் அதே வலி. வீட்டுக்கு வந்தால் கோடாலித் தைலம் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளக் கோயோக் இருக்கிறது. எல்லாருக்கும் வலிக்கிற இடத்தில் ஒருத்திக்கு மட்டும் வேறு மாதிரி வலித்தால் அது எப்படித் தெரியும்? அக்காவின் வலி இந்தக் கூட்டத்துக்குள் காணாமல் போனது.

ஏனென்றால் அது பிடரியில் இல்லை. இடது பக்கம், தாடை மடங்கும் இடத்துக்கு உள்ளே, தொண்டையின் பக்கவாட்டில். எச்சில் விழுங்கினால் குத்தும், கொட்டாவி விட்டால் குத்தும். மோட்டார் சைக்கிளைத் திருப்பப் பின்னால் பார்க்கும்போது காதுக்குள் ஒரு வலி பாயும். முள் மாட்டியிருக்கிறது என்று அக்கா அடித்துச் சொன்னார். கெம்போங் மீன் சாப்பிட்ட மறுநாள்தான் ஆரம்பித்தது என்றும் சொல்வார். சோற்று உருண்டை, வாழைப்பழம் என்று வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்தது. முள் இருந்தால்தானே இறங்குவதற்கு?

முள் இல்லாத வலி

அதற்கப்புறம் நடந்ததை விரிவாக எழுதினால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அரசுக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி, வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுகிறது என்று மாத்திரை வாங்கினோம். கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு தனியார் கிளினிக்கில் நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை, பல்தான் போனது. ஒரு பெரியவர் சுளுக்கு எடுக்கிறேன் என்று தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிவிட்டார். அன்றைக்கு அக்காவுக்குத் தலைசுற்றல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த எலும்புக்கு ஒட்டினாற்போல மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது என்பதும், நீண்ட எலும்பு உரசி அந்தத் தமனியின் உள்சுவர் கிழிந்த நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கழுத்தைத் திருப்பினால் தலைசுற்றுகிறது என்று சொல்கிறவர்களின் கழுத்தில் தயவுசெய்து யாரும் சுளுக்கு எடுக்காதீர்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மட்டும் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தார். மூக்கு வழியாகக் குழாய் கேமராவை விட்டு மேல்தொண்டையிலிருந்து குரல்வளை வரை பார்த்தார். வாயைத் திறந்து நாக்கின் அடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் தடவிப் பார்த்தார். அக்கா பல வருடம் வெற்றிலை பாக்கு போட்டவர். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம்தான் அதிகம்; அதிலும் தோட்டத்துப் பெண்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் அந்த உருண்டைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தொண்டையில் ஒரே பக்கம் வலி, அதே பக்கம் காதும் வலி, ஆனால் காதில் ஒன்றுமில்லை என்றால் மருத்துவர் முதலில் தேட வேண்டியது புற்றுநோயைத்தான். அது இல்லை என்று தெரிந்த நாளில் வீட்டில் பாயசம் வைத்தோம். ஆனால் வலி இருந்தது. கேமராவில் எதுவும் தெரியாத பிறகு, ஒவ்வொரு இடத்திலும் "ஒன்றுமில்லை" என்ற பதிலின் தொனி கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார்கள். சொந்தக்காரர்கள் ஒருபடி மேலே போய் யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள்.

அந்த விரல்

கதை திரும்பிய இடம் ஒரு அரசுப் பல் கிளினிக். அக்கா அங்கே போனது இன்னொரு பல்லைப் பிடுங்கச் சொல்வதற்கு. அந்த அளவுக்கு வந்துவிட்டார். அங்கே இருந்தது மிகவும் இளம் வயது மலாய்ப் பெண் டாக்டர். பல்லைத் தட்டிப் பார்த்தார், ஐஸ் வைத்துப் பார்த்தார், "காக் (அக்கா), இந்தப் பல் நல்லா இருக்கு, நான் எடுக்க மாட்டேன்" என்றார். அக்காவுக்குக் கோபம். டாக்டர் அந்தக் கோபத்தைக் கண்டுகொள்ளாமல், "வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டுங்கள்" என்றார்.

எனக்கு அது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதுவரை எல்லாரும் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டிருந்தார்கள். அக்காவும் உள்ளங்கையால் கழுத்தைத் தடவி "இங்கதான்" என்பார். உள்ளங்கை மூடிய இடத்தில் தாடை, பல், காது, தொண்டை, கழுத்து எல்லாம் இருக்கும். பார்க்கிற மருத்துவர் தன்னுடைய துறை எதுவோ அதை எடுத்துக்கொள்வார். ஒரே விரல் என்றதும் அக்கா யோசித்தார். பிறகு சுட்டுவிரலைத் தாடை மூலைக்குப் பின்னால், காதுமடலுக்குக் கீழே வைத்து உள்பக்கமாகச் சாய்த்தார். விரல் போன இடத்தில் பல்லே கிடையாது.

அப்புறம் கேள்விகள். விழுங்கும்போதா, மெல்லும்போதா? தலையை எந்தப் பக்கம் திருப்பினால்? நாக்கை நீட்டினால்? சின்ன வயதில் தொண்டையில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா? கடைசிக் கேள்விக்கு அக்கா இல்லை என்று சொல்லப் போனார். நான்தான் குறுக்கே வந்து, பள்ளிக்கூடக் காலத்தில் டான்சில் எடுத்ததைச் சொன்னேன். அம்மா அப்போது அக்காவுக்கு மட்டும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்த பொறாமையில் எனக்கு அது மறக்கவில்லை. டாக்டர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, அக்காவின் வாய்க்குள் சுட்டுவிரலைக் கடைசிப் பல்லையும் தாண்டிக் கொண்டுபோய், டான்சில் இருந்த குழியை மெதுவாக அழுத்தினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விரலை எடுத்ததும் அக்கா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை தமிழில்தான் வந்தது: "அதான்! அந்த முள்ளுதான்!" டாக்டருக்கு மொழி புரிந்திருக்காது, ஆனால் சேதி புரிந்துவிட்டது. வலது பக்கமும் அழுத்திப் பார்த்தார். அங்கேயும் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது, ஆனால் வலிக்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு ஓபிஜி எடுத்தார்கள். இடது பக்கம் காதுக்குக் கீழே தொடங்கிய வெள்ளைக் கோடு தாடை மூலையைத் தாண்டிக் கீழே இறங்கியது. வலது பக்கமும் ஏறக்குறைய அப்படியே. வீட்டுக்கு வந்து, முன்பு பல் பிடுங்கியபோது எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதே கோடு அதிலும் இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. படத்திலேயே இருந்ததை ஏன் பார்க்கவில்லை என்று யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டும் போல இருந்தது.

பிறகு படிக்கப் படிக்க அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. ஸ்டைலாய்டு என்பது மண்டையோட்டின் அடியில், காதுக்குக் கீழே கீழ்நோக்கி இறங்கும் ஒல்லியான எலும்பு முனை. அதன் நுனியிலிருந்து ஒரு நார் கிளம்பி, தொண்டைக்கு முன்னால் இருக்கும் நாவடி எலும்பில் போய்ச் சேர்கிறது. நாக்கையும் தொண்டைச் சுவரையும் அசைக்கும் மூன்று சின்னத் தசைகள் அந்த முனையில்தான் தொற்றியிருக்கின்றன. சாதாரணமாக அதன் நீளம் 2.5 முதல் 3 சென்டிமீட்டர். அந்த நார் எலும்பாக மாறிக்கொண்டே வந்தால் முனை நீண்டுகொண்டே போகும். இப்படி நீண்ட எலும்பு மக்களில் சுமார் 4 விழுக்காட்டினருக்கு இருக்கும் என்று மருத்துவ நூல்களில் ஒரு கணக்கு உண்டு. அவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் வலி வருகிறது. ஆகப் பழைய படத்தை அன்று யாராவது கவனித்திருந்தாலும், "நீளமாக இருக்கிறது, இருக்கட்டும்" என்று விட்டிருந்தால் அது தவறாகாது. வலியோடு அந்த எலும்பை முடிச்சுப் போட்டது அந்தப் பெண்ணின் விரல். படம் அதற்கப்புறம்தான்.

இத்தாலியின் பாதுவாவைச் சேர்ந்த மார்க்கெட்டி என்ற மருத்துவர் 1652-லேயே இந்த நார் எலும்பாகிப் போவதை விவரித்திருக்கிறார். ஆனால் அதை நோயாக எழுதி வைத்தவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த வாட் ஈகிள் என்ற காது மூக்கு தொண்டை நிபுணர். 1937-இல் அவர் கட்டுரை வந்தது. அதனால் ஈகிள் நோய்க்குறி என்றே பெயர். இதில் இரண்டு வகை இருப்பதாக அவர் சொன்னார். ஒன்று, டான்சில் எடுத்தவர்களுக்கு வருவது: தொண்டையில் எதோ மாட்டிய உணர்வு, விழுங்கினால் வலி, அதே பக்கக் காதில் வலி. இன்னொன்று, எலும்பு கரோட்டிட் தமனியைத் தொந்தரவு செய்வதால் வருவது: கழுத்து நெடுக, தலை, கண் பக்கம் வரை வலி, சிலருக்கு மயக்கம். அக்கா முதல் வகையில் அச்சு அசலாக இருந்தார். காது ஏன் வலிக்கிறது என்பதற்கும் எனக்கு விடை கிடைத்தது. தொண்டைக்கு உணர்ச்சி தரும் ஒன்பதாவது மூளை நரம்பின் கிளை ஒன்று நடுக்காதுக்கும் போகிறது. தொண்டையில் தொட்டால் காதில் மணியடிக்கும்.

வெட்டுவதா, விடுவதா

ஈப்போவில் ஒரு நிபுணரிடம் போனோம். அவர் உடனே கத்தியை எடுக்கவில்லை. வலிக்கிற அந்தக் குழியில் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றிவிட்டு, வெளியே உட்காரச் சொன்னார். சற்று நேரத்தில் அக்கா என் கையிலிருந்த மைலோ பாக்கெட்டை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். மருந்தின் வேகம் போனதும் வலி திரும்பியது. ஆனால் டாக்டருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அந்த இடத்தை மரக்க வைத்தால் வலி போகிறது என்றால் வலி அங்கேதான் பிறக்கிறது. ஊசிக்குப் பிறகும் வலி அப்படியே இருந்திருந்தால், எலும்பு எத்தனை நீளமாக இருந்தாலும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசியிருக்க மாட்டேன் என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தால்.

அப்புறம் முப்பரிமாண சிடி ஸ்கேன். இப்போது இந்த எலும்பை அளப்பதற்கு அதுதான் நம்பகமானது. ஓபிஜியில் படம் விரிந்து விழுவதால் நீளம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். இடது பக்கம் 4.3 சென்டிமீட்டர், நுனி உள்பக்கமாக வளைந்திருந்தது. வலது பக்கம் 3.8. நீளத்தைப் போலவே வளைவும் முக்கியம் என்றார்.

முதலில் மருந்து. நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின் போட்டதும் வலி தணிந்தது, ஆனால் அக்கா பகலெல்லாம் தூங்கி வழிந்தார். அப்படியே உதிரிப்பழம் பொறுக்கப் போய் ஒருநாள் ஓடைக்குள் இறங்கிவிட்டார். பிறகு ஸ்டீராய்டு ஊசி. சில வாரம் நிம்மதி, மறுபடி பழைய கதை. பலருக்கு இந்தக் கட்டத்திலேயே போதுமாகிவிடுகிறது. அக்காவுக்குப் போதவில்லை. விரலாலேயே அந்த எலும்பை அழுத்தி உடைத்துவிடலாமாமே என்று ஊரில் ஒருவர் கேட்டார். ஒரு காலத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள்தான். உடைந்த முனை எங்கே போய்க் குத்தும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் என்னென்ன ஓடுகிறது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

அறுவைக்கு இரண்டு வழி. வாய்க்குள் டான்சில் குழி வழியாகப் போகலாம்: வெளியே தழும்பு இருக்காது, சீக்கிரம் முடியும், ஆனால் இடம் குறுகல், ரத்தம் வந்தால் சமாளிப்பது சிரமம், வாயிலிருக்கும் கிருமி கழுத்தின் ஆழத்துக்குப் போகவும் வழி உண்டு. கழுத்து வழியாகப் போனால் தமனியையும் நரம்பையும் கண்ணால் பார்த்து விலக்கிக்கொண்டு எலும்பை அடியோடு ஒட்டி வெட்டலாம். ஆனால் தழும்பு விழும், கீழ் உதட்டின் ஓரத்தை அசைக்கும் மெல்லிய நரம்பு அந்த வழியில்தான் இருக்கிறது. அக்காவின் எலும்பு நீளம், தமனிக்கு அருகில் இருந்தது என்பதால் கழுத்து வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். உதடு கோணினாலும் பரவாயில்லையா என்று டாக்டர் கேட்டபோது அக்கா, "எனக்கு இனிமேலா பொண்ணு பார்க்க வரப்போறாங்க?" என்றார். டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

உதடு சில வாரம் லேசாக இழுத்தது, பிறகு சரியாகிவிட்டது. தழும்பு கழுத்து மடிப்புக்குள் மறைந்துவிட்டது. அதைச் சுற்றிக் கொஞ்சம் மரத்த உணர்வு இன்னும் இருக்கிறது. விழுங்கும்போது குத்திய வலி போயே போய்விட்டது. பிடரி வலி போகவில்லை. அது தோட்டம் கொடுத்தது. இந்த ஆபரேஷனில் அதற்குப் பங்கில்லை. இதை நான் ஊரில் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. "வெட்டினாங்க, சரியாச்சு" என்பது மட்டும் பரவுகிறது.

தண்டல் மாமாவின் படம்

மாமாவிடம் நான் கேட்டதெல்லாம் அந்தப் பல் டாக்டர் அக்காவிடம் கேட்டதுதான். ஒரே விரலால் காட்டுங்கள் என்றேன். குரல்வளைக்கு மேலே, நட்டநடுவில் காட்டினார். குத்துகிறதா? இல்லை. காது? நன்றாகக் கேட்கிறது, வலியில்லை. தலையைத் திருப்பினால்? திருப்பவே முடியவில்லை, உடம்போடு சேர்ந்து திரும்பினார். விறைப்பு, வலி அதிகமில்லை. அப்படியானால் என்னதான் தொந்தரவு? சோறு இறங்க மாட்டேன் என்கிறது, தண்ணீர் ஊற்றித் தள்ள வேண்டியிருக்கிறது, சில நேரம் புரையேறுகிறது. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வேறு பல வருடமாக.

"இது அக்காவுக்கு இருந்த வலி இல்ல மாமா. முதல்ல கிளினிக்குப் போய்க் கடிதம் வாங்குங்க, தொண்டையக் கேமராவில பாக்கட்டும்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்கக்காவுக்கு எலும்பு, எனக்கு மட்டும் கடிதமா?" என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வயதானவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று அத்தைக்குத் தனியாகப் போன் போட்டுச் சொன்னேன். அத்தைதான் இழுத்துக்கொண்டு போனார்.

கேமராவில் புற்று எதுவும் இல்லை. ஆனால் தொண்டையின் பின்சுவர் முன்னால் புடைத்திருந்தது. கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தபோது காரணம் தெரிந்தது. கழுத்து முதுகெலும்பின் முன்பக்கம், மெழுகுவத்தியில் மெழுகு வழிந்து உறைந்ததுபோல், ஒன்றன்மேல் ஒன்றாக எலும்பு படர்ந்திருந்தது. இதை பிரெஞ்சு மருத்துவர் ஃபோரெஸ்டியே 1950-இல் எழுதினார். பிற்பாடு டிஷ் என்ற சுருக்கப் பெயர் வந்தது. அடுத்தடுத்த நான்கு முள்ளெலும்புகளையாவது இந்தப் படர்வு இணைத்திருக்க வேண்டும், நடுவிலுள்ள வட்டுகள் பெரிதாகத் தேயாமல் இருக்க வேண்டும் என்பது அதை அடையாளம் காணும் வழக்கம். வயதான ஆண்களுக்கு அதிகம், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் அதிகம். பெரும்பாலோருக்கு விறைப்போடு நின்றுவிடும். மாமாவைப் போன்ற சிலருக்கு அந்த எலும்பு உணவுக்குழாயைப் பின்னாலிருந்து அழுத்தும்.

ஆக, மாமா எலும்பு என்று சொன்னது பொய்யில்லை. எலும்புதான், வேறு எலும்பு. கையில் வைத்திருந்த படத்தில் அது விழவே இல்லை. ஸ்டைலாய்டை வெட்டியிருந்தால் கழுத்தில் ஒரு தழும்போடு அதே சோறு அதே இடத்தில் நின்றிருக்கும். அக்கா அவரைப் பார்க்கப் போனபோது, "மாமா, என் வலது பக்கம் இன்னும் 3.8 இருக்கு, உங்களதவிடப் பெருசு. டாக்டர் தொடவே இல்ல, நானும் தேடிக்கிட்டுப் போகல" என்று சொல்லியிருக்கிறார். நான் அத்தனை நேரம் விளக்கியதைவிட அது அவருக்குப் புரிந்தது போலிருக்கிறது.

இந்தப் படர்ந்த எலும்பையும் முன்பக்கமாகக் கழுத்தைத் திறந்து செதுக்கி எடுக்கலாம். ஆனால் மாமாவின் வயதுக்கும் சர்க்கரைக்கும் அது கடைசி வழி. இப்போது விழுங்கும் பயிற்சி சொல்லித்தரும் நிபுணரிடம் போகிறார். உணவை மென்மையாக்கி, சின்ன வாயாக, தலையை எந்தக் கோணத்தில் வைத்தால் இறங்குகிறது என்று பார்த்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு விஷயத்தை அத்தையிடம் அழுத்திச் சொன்னார்களாம். இப்படி ஒட்டிப்போன கழுத்து, சின்னதாக விழுந்தால்கூட முறியலாம், அதனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால், தொண்டையில் குழாய் இறக்குவது கஷ்டம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டாவதை மருந்து அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முதலாவதைப் பற்றி மாமா இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்.

எடை குறைந்துகொண்டே போனால் மட்டும் ஆபரேஷன் பேச்சை மறுபடி எடுக்கலாம் என்பது டாக்டரின் முடிவு. போன முறை நிறுத்துப் பார்த்தபோது அரைக் கிலோ கூடியிருக்கிறார். ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுப் பருப்புக் குழம்பில் ஊறவைத்தால் தங்கு தடையில்லாமல் இறங்குகிறதாம். சர்க்கரைக்கு அது ஆகாது என்று அத்தை தினமும் சண்டை போடுகிறார்.